அதே கிரிப்புதாண்ணே

இல்லம்மா, அந்த ஒரு வேலைய மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க. கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. நீங்க ஏன் எழுந்துட்டீங்க, உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், கிரீஸ் ஒட்டும், இந்த நாற்காலில உக்காருங்க.

நான் சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டேனான்னு ஒரு தடவ சொல்லிப் பாத்துடுறேன். நாளைக்கு உங்க வீட்டுக்காரரு பைக்கக் கொண்டுவந்து இங்க விடுவாரு. தினம் ஆபீசுக்குப் போகவும், மாசத்துல ஒரு நாள் ரேஸ் ட்ராக்ல ஓட்டவும் சேத்து ஒரே செட் டயர் கேப்பாரு. நான் அத மாட்டாம, சாதாரண ரோட்டு டயர மாட்டிட்டு, ரெண்டும் ஒண்ணுதான் சார்னு சொல்லிடணும். ட்ராக்ல அது வழுக்கும். அவரே பயந்துபோய் மெதுவா ஓட்டுவாரு. அப்புறம் மெல்ல மெல்ல அங்க போறதயே விட்டுடுவாரு. அதானே?

கொஞ்சம் இருங்க, காத்தடிக்கிற கம்ப்ரஸர் ஓட ஆரம்பிச்சுடுச்சு. இது ஓடுனா நான் பேசுறது எனக்கே கேக்காது.

ம், நின்னுடுச்சு.

கேக்குறதுக்கு நல்ல யோசனை மாதிரிதான் இருக்கும்மா. நீங்க ஒண்ணும் தெரியாம கேக்கல, அது எனக்குப் புரியுது. ஆனா டயர் எப்படி நடந்துக்கும்னு உங்களுக்குத் தெரியாது. அத நான் சொல்றேன், கேளுங்க. ட்ராக்குக்குன்னே வர்ற டயர் ஒண்ணு இருக்கு. சூடு ஏறுனாத்தான் அது தரையப் புடிக்கும். காலைல குளிர்ல ஆபீசுக்குக் கிளம்பி மொத திருப்பத்துல சாச்சீங்கன்னா கீழ கெடப்பீங்க. மழைல கேக்கவே வேணாம். அதனால அது உங்க வீட்டுக்காரருக்கு ஆகாது, அவரே கேட்டாலும் நான் தர மாட்டேன். ரோட்டு டயர் அப்படி இல்ல. தெருமுனை தாண்டுறதுக்குள்ள புடிக்க ஆரம்பிச்சுடும், தண்ணிய ஒதுக்கித் தள்ளும், ரெண்டு மூணு வருஷம் உழைக்கும். ஆனா அதக் கொண்டுபோய் ட்ராக்ல வேகமா கால் மணி நேரம் விடாம ஓட்டுங்க, சூடு தாங்காம சோப்பு மாதிரி ஆயிடும். மொதல்ல வழுக்காது. அதான் இதுல இருக்குற வில்லங்கமே. மொத பத்து நிமிஷம் ரொம்ப நல்ல டயர் மாதிரிதான் இருக்கும்.

உங்களவருக்கு வேண்டியது இது ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு. இதோ பாருங்க, தொட்டுப் பாருங்க. நடுவுல கெட்டியா இருக்கா? நேரா போறப்ப இந்த இடம்தான் ஓடும், சீக்கிரம் தேயாது. இப்ப ஓரத்த அழுத்துங்க. வளைவுல சாய்க்கிறப்ப இந்த ஓரம்தான் தரைல இருக்கும், அதனால இங்க மட்டும் மெத்துன்னு வச்சிருக்கான். ட்ராக்குக்குள்ள போறப்ப காத்தக் கொஞ்சம் எறக்கிக்கணும், வீட்டுக்குத் திரும்புறதுக்கு முன்னாடி ஏத்திக்கணும். அவ்வளவுதான். இதவிடப் பெரிய சூத்திரம் எதுவும் இல்ல. ரெண்டு டயரும் சேந்து தரையத் தொடுற இடம் எவ்வளவு தெரியுமா? உங்க ரெண்டு உள்ளங்கை அளவுதான். ஒரு ஆளோட மொத்த உசுரும் அது மேல உக்காந்துட்டுப் போகுது.

எதுக்கு இவ்வளவு பேசுறேன்னா, நீங்க இப்ப வந்து கேட்ட மாதிரியே எங்க அண்ணியும் வந்து கேட்டாங்க. ஆறு வருஷம் ஆச்சு.

எங்கண்ணன் லிஃப்ட் ரிப்பேர் பாக்குறவரு. என்னவிட மூணு வயசு பெரியவரு. ரொம்ப நிதானமான மனுஷன். வீட்டப் பூட்டிட்டு நாலு படி எறங்கி, திரும்ப ஏறிப்போய்ப் பூட்ட இழுத்துப் பாப்பாரு. சட்டை வாங்க அவருக்கு அஞ்சு நிமிஷம் போதும், டயர் வாங்க ஒரு முழு நாள் வேணும். பழக்கடைல பழத்த அழுத்திப் பாக்குற மாதிரி நகத்தால ரப்பர அழுத்தி அழுத்திப் பாப்பாரு. மாசத்துல ஒரு நாள் ட்ராக். மத்த நாள் பூரா அடுத்தவங்க வீட்டு லிஃப்டு மேல ஏறி இருட்டுல உக்காந்து வேல பாக்குறவருக்கு, அந்த ஒரு நாள்தான் வெளிச்சம். ஹெல்மெட்டக் கழட்டுறப்ப அவரு மூஞ்சியப் பாக்கணும். பள்ளிக்கூடம் விட்ட மாதிரி இருக்கும்.

நாப்பது வயசுக்கு மேலதான் அவருக்குக் கொழந்த பொறந்துச்சு. அதுக்கப்புறம் அண்ணி ஒரு தடவ அவரோட ட்ராக்குக்குப் போனாங்க. அன்னைக்குன்னு பாத்து வேற ஒருத்தன் விழுந்து, ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனாங்க. அத அவங்க பாத்துட்டாங்க.

அடுத்த வாரமே மத்தியான நேரத்துல கொழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டு இங்க வந்தாங்க. அழவெல்லாம் இல்ல. எனக்கு பயமா இருக்கு தம்பின்னாங்க. நீங்களே அண்ணன்கிட்ட சொல்லுங்க அண்ணின்னேன். அதுக்கு அவங்க சொன்னது எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கு. நான் சொன்னா நிறுத்திடுவாரு தம்பி. நிறுத்திட்டு வீட்டுல உக்காந்து ஜன்னலப் பாத்துட்டு இருப்பாரு. அந்த மூஞ்சிய நான் தினம் தினம் பாக்க முடியாது. அவராவே விட்ட மாதிரி இருக்கட்டும், நீங்க ஏதாச்சும் பண்ணுங்க. அப்படின்னாங்க.

உங்களுக்கும் அதேதான, இல்லயா? ம். அழாதீங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க.

என்ன பண்ணலாம்னு அவங்களுக்குத் தெரியாது. டயர மாத்துற யோசனை என்னோடதுதான். நீங்க எப்படி இத யோசிச்சீங்களோ தெரியல, நான் நல்லா எல்லாந் தெரிஞ்சுதான் யோசிச்சேன். சூடானா அந்த டயர் லேசா ஆடும், ஆடுனா அண்ணன் பயப்படுவாரு, நிதானமான ஆளு, தானா வேகத்தக் கொறைப்பாரு. நாலு மாசம் இப்படிப் போனா, வயசாயிடுச்சுன்னு அவரே நினைச்சுக்கிட்டு நிறுத்திடுவாரு. இதான் என் கணக்கு.

மாட்டுறதுக்கு முன்னாடி எப்பவும் போல அழுத்திப் பாத்தாரு. என்னடா, ஓரம் கெட்டியா இருக்கு, கோடும் நிறைய போட்டிருக்கான்னாரு. நான் வீல் பேலன்ஸ் பண்ற மெஷின் பக்கம் திரும்பிக்கிட்டேன். புது டிசைன், இப்ப எல்லாம் இப்படித்தான் வருது, அதே கிரிப்புதாண்ணேன்னு சொன்னேன். திரும்ப ஒரு தடவகூட அழுத்திப் பாக்கல. நீ சொன்னா சரின்னுட்டு, கை தொடைக்கத் துணி எங்கடான்னு தேட ஆரம்பிச்சுட்டாரு.

ட்ராக்குக்கு நானும் கூடப் போவேன், காத்து பாக்குறதுக்கு. அன்னைக்கும் போனேன். மொத தடவ ஓட்டிட்டு வந்து, டயர் அருமைடா, பழசவிட சீக்கிரம் புடிக்குதுன்னாரு. கடைசில மட்டும் பின்னாடி லேசா அலையுது, டயர் இல்ல, நான்தான், ஒரு மாசம் ஆச்சுல்ல, ஒடம்பு இன்னும் படியலன்னாரு.

அப்பதாம்மா என் கணக்கு தப்புன்னு புரிஞ்சுது. அவரு பயப்படல பாருங்க. நான் மாட்டுன டயர் தப்பா இருக்கும்னு அவரு மனசுக்குள்ள ஒரு மூலைலகூட வரல. டயர நம்பி, அவரு மேலயே சந்தேகப்படுறாரு. அப்படி நினைக்கிறவன் வேகத்தக் கொறைக்க மாட்டான், இன்னும் நல்லா ஓட்டிக் காட்டணும்னுதான் பாப்பான். சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அண்ணே, எறங்கு, வீட்டுக்குப் போலாம்னு சொன்னாக்கூடப் போதும். அவரு தண்ணி குடிச்சுட்டு இருந்தாரு. நான் குந்தி உக்காந்து பின் டயர்ல காத்தக் கொஞ்சம் எறக்கிட்டு, பாத்துப் போண்ணேன்னேன். சரிடான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

அங்க ஒரு நீளமான வளைவு இருக்கு. நான் கம்பி வேலி ஓரமா நின்னுட்டு இருந்தேன். ஆறாவது சுத்து. பின் டயர் வெளிய போச்சு, போயிட்டு சட்டுன்னு ஒரு புடி புடிச்சுது. அப்படிப் புடிச்சா வண்டி ஆளத் தூக்கி எறிஞ்சுடும். எறிஞ்சுடுச்சு. மத்த வண்டிங்க சத்தம் எல்லாம் கேட்டுட்டே இருக்கு, அவரு வண்டி சத்தம் மட்டும் இல்ல. வேலி ஏறி எப்படிக் குதிச்சேன்னு தெரியல, கை கிழிஞ்சதே ராத்திரிதான் பாத்தேன்.

உசுருக்கு ஒண்ணும் ஆகல. இடுப்பெலும்பு, முட்டி, ரெண்டும் போச்சு. மூணு ஆபரேஷன். இப்ப கைத்தடியோட நடக்குறாரு, பாதம் ஒரு பக்கமா திரும்பித்தான் விழும். ஏணி ஏற முடியாதுல்ல, அதனால அதே கம்பெனில போன்ல உக்கார வச்சுட்டாங்க. யாராச்சும் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு போன் பண்ணா, பயப்படாதீங்க, ஆள் வந்துட்டு இருக்குன்னு சொல்ற வேல. நல்லா பேசுவாரு. ஒரு தடவ ஒரு பொம்பளப்புள்ள முக்கா மணி நேரம் மாட்டிக்கிச்சாம், கதவத் திறக்குற வரைக்கும் அதுகிட்ட ஏதேதோ பேசிட்டே இருந்தாராம்.

அண்ணியா? நல்லாத்தான் இருக்காங்க. நான் போனா சாப்பாடு போடுவாங்க, போதுமான்னு கேப்பாங்க. அண்ணன் எழுந்து பாத்ரூம் போனா, உடனே அவங்க அடுப்படிக்குப் போயிடுவாங்க. நானும் போன எடுத்துப் பாத்துக்குவேன். ஆறு வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் அதப் பத்தி ஒரு வார்த்த பேசிக்கல. அவங்க என்ன டயர்னு கேட்டதும் இல்ல, நான் சொன்னதும் இல்ல. ஆனா அவங்களுக்குத் தெரியும்.

அதனாலதாம்மா சொல்றேன். நாளைக்கு அவரு வரட்டும், நீங்களும் கூட வாங்க. அவரு கேக்குற டயர் சரியான டயர்தான், அதத்தான் மாட்டுவேன். எவ்வளவு காத்து, எத்தன சுத்து ஓட்டிட்டு நிறுத்தணும், எல்லாம் எழுதியே குடுத்துடுறேன். உங்க பயத்த மட்டும் நீங்களே சொல்லிடுங்க. ரெண்டு நாள் பேசாம இருப்பாரு, கத்துவாரு, நிறுத்துனாலும் நிறுத்துவாரு, ஜன்னலப் பாத்துட்டு உக்காந்தாலும் உக்காருவாரு. உக்காரட்டுமே. எழுந்து நடக்க முடியுற ஆளு ஜன்னலப் பாத்துட்டு உக்காந்தா என்ன இப்போ. சொல்றதுக்குக் கஷ்டமா இருந்தா, நான் வெளிய போய் டீ குடிச்சுட்டு வரேன், இங்கயே வச்சுப் பேசுங்க.

கெளம்புறீங்களா? சரிம்மா. பைய மறந்துட்டீங்க, அந்த நாற்காலி மேல இருக்கு.

அண்ணனா? வருவாரே, லீவு நாள்ல இங்க வந்து உக்காருவாரு. வர்றவங்ககிட்ட எல்லாம், என் தம்பி சொல்ற டயரக் கண்ண மூடிட்டு மாட்டலாம்பாரு. நான் அந்த நேரத்துல கம்ப்ரஸரப் போட்டு விட்ருவேன்.

மன்னிக்கிறதா? தெரிஞ்சாதானம்மா மன்னிக்கிறதுக்கு. அவருக்குத் தெரியாது. வண்டி நேரா இந்தக் கடைக்குத்தான் வந்துச்சு, டயரக் கழட்டி அன்னைக்கே அறுத்துப் போட்டுட்டேன். ஆஸ்பத்திரில ஒம்பதாவது நாள் அவருக்குப் பேச்சு நல்லா தெளிஞ்சுச்சு. என்னக் கூப்பிட்டு, டேய், வண்டி உன்கிட்டதான இருக்கு, டயரப் பாத்தா உனக்குத் தெரியும்ல, நான் எங்க தப்பு பண்ணேன்னு மறைக்காமச் சொல்லுன்னாரு. அண்ணி கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்னு போர்வைய மடிச்சுட்டு இருந்தாங்க. மடிக்கிறத நிறுத்திட்டாங்க. வளைவு முடியுறதுக்கு முன்னாடியே நீ ஆக்சிலேட்டர முறுக்கிட்டண்ணே, கொஞ்சம் அவசரப்பட்டுட்டன்னு சொன்னேன். அப்படியான்னாரு. போர்வைக்கு வெளிய கெடந்த வலது கையையே கொஞ்ச நேரம் பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் அண்ணி பக்கம் திரும்பி, என் தப்புதாம்மா, மன்னிச்சுக்கன்னாரு. அவங்க மறுபடி போர்வைய மடிக்க ஆரம்பிச்சுட்டாங்க.