பொய் சொல்லாத ஆட்டம்

— மௌஸ்லருந்து கைய எடு வேதா. சொல்றேன் இல்ல, எடு.

— எடுக்கமாட்டேன் மாமா. மணி நாலே கால். காலைல நீ செய்தி போட்டதுலருந்து நாப்பத்தோரு பேர் நான் செஞ்ச கம்ப்யூட்டர் ஆட்டத்த எறக்கிக்கினாங்க. ஒருத்தராவது முடிச்சாங்களா? எல்லாரும் ஒரே எடத்துல மாட்டிக்கினு திட்றாங்க.

— திட்டட்டும். எத்தினி பேர் முடிக்கணும்?

— இருபது பேர். ஆறு மணிக்குள்ள இருபது பேர் ‘முடித்தேன்’னு எழுதினாதான் நெட்ல நம்ம ஆட்டக் கூடத்தோட முகப்புல ஏறும். கூடத்த நடத்தற சக்கரபாணி சார் கறாரான ஆளு. கோயம்புத்தூர்ல உக்காந்துக்கினு ஆறு அடிச்சதும் பூட்டிடுவாரு. அப்புறம் அடுத்த வருஷந்தான்.

— இன்னா எழுதி கீறாங்க? படி.

— நீயே படியேன்.

— நான் எழுத்துக் கூட்டி முடிக்கறதுக்குள்ள ஆறு அடிச்சிடும். முப்பத்திரண்டு வயசுல அறிவொளி கிளாஸ்ல ‘படம்’ ‘பட்டம்’ படிச்சவன்கிட்ட வேகம் கேக்காத.

— கேளு. மதுரைக்காரர்: “பிழை. விறகுக் கட்டு தரையில் கிடக்கிறது. எழும்பவில்லை.” சென்னைக்காரர்: “இரண்டு கையும் கட்டைப் பிடிக்கும் பட்டன்களில் இருக்க, எண்டர் பட்டனையும் அமுக்கச் சொல்கிறது. மனிதனுக்கு எத்தனை கை?” இன்னொருத்தர்: “மூட்டைக்காரன் ஐயா முதல்முறையாக நம்மை ஏமாற்றிவிட்டார்.” போதுமா? உன் பேரும் கெட்டுப்போச்சு.

— ஐயாவா? என்னையா?

— இன்னிக்குக் காலை வரைக்கும் உன்ன ரிடையர் ஆன தமிழ் வாத்தியார்னு நெனச்சிக்கினு இருந்தாங்க. நாலே வரியில அளந்து எழுதறியாம்.

— அளந்து எங்க எழுதறேன்? ஒவ்வொரு எழுத்தா தேடி அமுக்கறதுக்குள்ள வெரலு நோவுது. அத்தொட்டு நாலு வரி.

— சிரிக்காத மாமா. பழைய ஆட்டத்தையே திரும்ப ஏத்திடறேன். ஒரு பட்டன் அமுக்கினா அந்தப் பொம்பள குனிஞ்சி, கட்டத் தூக்கித் தலைல வெச்சிக்கினு போய்க்கினே இருப்பா. அரை மணியில முப்பது பேர் முடிப்பாங்க.

— ஏத்து. ஏத்தினா என் செய்திய எடுத்துடுவேன்.

— இன்னாது?

— எடுத்துடுவேன். நான் இன்னா எழுதினேன்? அத்தப் படி, சத்தமா.

— “தலைச்சுமை என்று ஓர் ஆட்டம் வந்திருக்கிறது. அடி அண்ணாமலையிலிருந்து ஒரு பெண் விறகுக் கட்டோடு டவுனுக்கு நடக்கிறாள். சுடுவது இல்லை. குதிப்பது இல்லை. கட்டைக் கீழே போட்டால் தானாகத் தலைக்கு ஏறாது. நான் முப்பது வருடம் மூட்டை தூக்குகிறவன். இது பொய் சொல்லாத ஆட்டம். முடித்தேன்.”

— பொய் சொல்லாத ஆட்டம்னு எழுதி கீறேன். நீ பழச ஏத்தினா நான் பொய்யன்.

— எல்லாம் உன்னாலதான். பத்து நாளைக்கு முன்னாடி நல்லாதான் இருந்துச்சு. வந்து உக்காந்த, ஆடின, ‘தூ’ன்ன.

— துப்பாம? பச்ச வெறகு முப்பது கிலோ. வழியில தரையில போட்டுட்டா, ஒண்டியா எவனால தலைக்கு ஏத்திக்க முடியும்? என்னால முடியாது. உங்கக்காவால முடியாது. போறவங்க வர்றவங்கள, ‘யம்மா ஒரு கை குடு, யப்பா ஒரு கை குடு’ன்னு நின்னு கெஞ்சணும். அதுக்குத்தான் வழில சுமைதாங்கிக் கல்லு வெச்சான். தலை ஒசரத்துக்கு கல்லு. கட்ட அதும்மேல தள்ளிட்டு மூச்சு வாங்கினு, மறுபடி குனியாம தலைய குடுத்து வாங்கிக்கலாம். யார் கையும் வாணாம்.

— அதான் கல்லு வெச்சேனே. நீ சொன்ன எடத்துலயே வெச்சேன். கடைசிக் கல்லு மட்டும் வாணாம்னு நீதான் சொன்ன. அங்கதான் எல்லாரும் மாட்றாங்க. கழுத்து தாங்காம கட்டு கீழ விழுது, எடுக்க ஆளில்ல.

— கடைசிக் கல்லு இல்ல வேதா. பாதைய அகலம் பண்ணச் சொல்லோ பேத்துட்டாங்க.

— ஒரு ஆட்டத்துல இருந்துட்டுப் போவட்டுமே.

— பேத்தது நானு. நானும் இன்னும் மூணு பேரும். கடப்பாரை போட்டு நெம்பி ஓரமா உருட்டி உட்டோம். அன்னிக்குக் கூலி வாங்கினு ஊட்டுக்குப் போனா உங்கக்கா சோறு போடல. ‘நான் இத்தினி வருஷம் மூச்சு உட்ட கல்லு அது’ன்னா. அப்பாலிக்கா அந்த எடத்துல கல்லு கீதுன்னு நான் எப்படி வெளையாடுவேன்?

— சரி. அக்கா பேச்ச எடுக்காத.

— நான் எங்க எடுத்தேன்? ஆட்டத்துல நடக்கறவ யாரு? பச்சப் பொடவ, தலைல கிழிஞ்ச துண்டுல சுத்தின சும்மாடு, இடது கால கொஞ்சம் சாச்சி வெக்கற நட. எனக்குத் தெரியாதா?

— மாமா, மணி நாலு முப்பது.

— அவளுக்கு நீ படம் வரைஞ்சி காட்ற. அவகிட்ட சொல்றதுக்கு வாயில்ல.

— அவ வாயத் தொறந்தாளா? ஆறு வருஷம். வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸ் வேலைய உட்டுட்டு இந்த பிரவுசிங் சென்டர் வெச்சேன்னு ஆறு வருஷம் என் மூஞ்சியப் பாக்கல. ‘நான் வெறகு சுமந்து உன்னப் படிக்க வெச்சது, பொம்மய ஓடவுட்டு வெளையாடறதுக்கா?’ன்னா. அதுக்குத்தான் மாமா இந்த முகப்பு. ஊரு ஒலகமெல்லாம் அவ நடந்த நடைய நடந்துச்சின்னு ஒரு தாள்ல பிரிண்ட் எடுத்து அவ ஊட்டு வாசல்ல வெச்சிட்டு வந்துடுவேன். ஒண்ணும் பேசமாட்டேன்.

— நவுரு.

— இன்னா பண்ணப்போற?

— பதில் எழுதப்போறேன். சேர குடு.

— குடு, நான் அடிக்கிறேன். நீ ஒரு வரி அடிக்க ஒரு பீடி நேரம் ஆவும்.

— தொடாத! ஆட்டம் செஞ்சவ அத்தப் பத்தி கூடத்துல எழுதக்கூடாது. அதான விதி? முடிச்சவன் மட்டுந்தான எழுதணும்?

— வாயால சொல்லு, நான் வெறும் வெரலு.

— வெரலுக்கும் விதி கீது. பி… ழை… ‘ழ’ எங்க கீது? நேத்து இங்கதான் இருந்திச்சி.

— அங்க! உன் சுண்டு வெரலுக்குக் கீழ! ஐயோ, மாமா!

— கத்தாத. கிரிவலத்துக்குப் போறவன் திரும்பிப் பாக்கறான்.

— நாளைக்குத்தான பௌர்ணமி, இன்னிக்கே எதுக்கு இவ்ளோ கூட்டம்… இரு, இன்னா இது? எண்டர் பட்டன் மேல மஞ்சளா கறை?

— அதுவா… காராசேவு தின்னேன்.

— காராசேவு செவப்பா இருக்கும். நேத்து வேலூருக்கு ஹார்ட் டிஸ்க் வாங்கப் போவும்போது உன்ன நம்பி சாவி குடுத்தா, கம்ப்யூட்டர்ல ஒக்காந்து தின்னுக்கினு இருந்தியா?

— உடு, தொடச்சிடலாம். ஆங், முடிஞ்சுது. படி.

— “பிழை இல்லை. பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள்.” இவ்ளோதானா? இதுக்கா பன்னெண்டு நிமிஷம்?

— இதுக்கு மேல இன்னா கீது சொல்ல?

— தனியா இருக்கறவங்க இன்னா பண்ணுவாங்க? பாதிப்பேரு ரூம்ல ஒண்டியா ஒக்காந்துக்கினு ஆடறவங்க மாமா. பக்கத்துல யார் இருப்பாங்க?

— ஊர்ல ஆளா இல்ல?

— அஞ்சு மணி. ஒண்ணுகூட வரல.

— டீ சொல்லட்டா?

— வாணாம். பழச ஏத்தப்போறேன். நீ செய்திய எடுத்துக்கோ, கோச்சிக்கமாட்டேன். நெஜமாவே கோச்சிக்கமாட்டேன். எனக்கு அந்தத் தாளு வேணும் மாமா.

— ஏத்து. ஏத்தி, பிரிண்ட் எடுத்துக்கினு போயி வை. உங்கக்கா ஒரு வாட்டி ஆடிப் பாத்தான்னா இன்னா சொல்லுவா தெரியுமா? ‘கீழ கெடந்த கட்ட ஒண்டியா தூக்கறாளே, இவ யாரு, எந்த ஊரு’ன்னு கேப்பா. அது அவளே இல்லன்னுடுவா. ஏன் நிறுத்திட்ட? ஏத்து.

— இரு. ஒண்ணு வந்துருக்கு.

— திட்டா?

— “முடித்தேன். கீழ்வீட்டு ராணியம்மாளைக் கூப்பிட்டேன். குடிவந்து இரண்டு வருடம், இன்றுதான் முதல்முறை பேசினேன். எண்டரை அமுக்கிவிட்டு, கட்டு தலைக்கு ஏறியதும் கை தட்டினார்.” மாமா! மதுரைக்காரர்! காலைல பிழைன்னு எழுதினவரு!

— ஒண்ணு.

— இன்னொண்ணு! “முடித்தேன். மாமியார் வந்து அமுக்கினார். அமுக்கிவிட்டு, நகரு, நான் நடக்கிறேன் என்று உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.” திண்டுக்கல், ஓவியா.

— ரெண்டு. அந்த மாமியாரும் முடிச்சா மூணுன்னு சொல்லு.

— இது யாரு… “முடித்தேன். யாரும் இல்லாததால் கால் கட்டை விரலால் அமுக்கினேன்.”

— அடப்பாவி! அது செல்லாது!

— செல்லும், செல்லும்! முடிச்சா போதும்!

— கால் வெரல்ல முட்டுக் குடுத்தவன் கழுத்த சுளுக்கிக்கினு போவான். சரி போ, மூணு.

— அஞ்சு இருபது. நாலு. அஞ்சு. மாமியாரும் முடிச்சிட்டாங்க, ஆறு. அப்புறம் நின்னுபோச்சு.

— வரும்.

— அஞ்சு முப்பத்தஞ்சு. இன்னும் பதினாலு வேணும்.

— மூச்சு உடு வேதா. கட்டு தலைல கீறப்போ கீழ பாக்கக்கூடாது.

— சிங்கப்பூர்லருந்து ஒண்ணு. மாறன்னு ஒரு ஆளு. கட்டட வேலைக்குப் போனவராம். “மூட்டைக்காரன் அண்ணே, எங்கள் தங்குமிடத்தில் ஒரே கம்ப்யூட்டர். பன்னிரண்டு பேர் இருக்கிறோம். ஆளாளுக்கு மாற்றி மாற்றிக் கை கொடுத்தோம். எல்லாரும் சிமெண்ட் மூட்டை தூக்குகிறவர்கள். கட்டு கீழே விழுந்தபோது ஒருவரும் பிழை என்று சொல்லவில்லை. பன்னிரண்டு பேரும் முடித்தோம், பெயர் வரிசையாக வருகிறது.”

— எத்தினி?

— பன்னெண்டு! ஒவ்வொண்ணா வருது பாரு, முடித்தேன், முடித்தேன், முடித்தேன்… அர்ஜுனன், இனியன், மணி… பதினெட்டு, மாமா, பதினெட்டு!

— ரெண்டு கம்மி.

— அஞ்சு அம்பத்தொண்ணு. ஐயோ கடவுளே. நீ எழுதினது ஒண்ணுன்னா பத்தொம்பது.

— நான் காலைலயே எழுதினேன் இல்ல? எண்ணிட்டாரா?

— எண்ணிட்டாரு! சக்கரபாணி சார் போட்டுட்டாரு, பத்தொம்பது. மாமா, ஒண்ணு. ஒரே ஒண்ணு.

— அந்த சென்னைக்காரன் இன்னா ஆனான்? மனுஷனுக்கு எத்தினி கைன்னு கேட்டவன்?

— அவரு காலைலருந்து… இரு இரு இரு. வந்துட்டாரு! “மனிதனுக்கு நான்கு கை. பதில் கிடைத்தது. முடித்தேன்.” மாமா! இருபது! அஞ்சு அம்பத்தாறு! இருபது மாமா!

— தோள்ல அடிக்காத, மூட்ட தூக்கற தோளு.

— ஏறிடுச்சு! முகப்புல ஏறிடுச்சு! பாரு, பச்சப் பொடவ, மலை, ‘தலைச்சுமை’ன்னு கொட்ட எழுத்துல. திருவண்ணாமலை வேதான்னு போட்டுருக்கு. இருபத்திமூணு, இருபத்தாறு, இன்னும் வந்துக்கினே இருக்கு. நீ சொன்னத கேக்காம பழச ஏத்தியிருந்தா…

— பிரிண்ட் எடு, மொதல்ல பிரிண்ட் எடு.

— எடுக்கறேன். இரு, சக்கரபாணி சார் உன்ன ஒண்ணு கேட்டுருக்காரு. “மூட்டைக்காரன் ஐயா, பலரும் தங்களுக்குக் கை கொடுத்தவரைப் பற்றி எழுதிவிட்டார்கள். உங்களுக்குக் கை கொடுத்தது யார்? முகப்பில் முதல் பெயராகப் போட வேண்டும்.”

— அத்த அப்பாலிக்கா பாத்துக்கலாம்.

— இல்ல, கேக்கறாரே. நீ நேத்துதான முடிச்ச? நேத்து நான் வேலூர்ல. கடை பூட்டி இருந்துச்சி. உள்ள நீ ஒண்டி. ஒண்டியா முடிக்க முடியாதே மாமா. பொய் சொல்லிட்டியா?

— நானா?

— கால் வெரலா?

— ச்சீ. ஒரு ஆள இட்டுனு வந்தேன். அஞ்சு நிமிஷம், ஒரே ஒரு பட்டன், அமுக்கிட்டு போயிடுன்னு கெஞ்சி இட்டுனு வந்தேன். மஞ்சள் அரைச்ச கையோட வந்திச்சி. வந்தது மூணு மணி நேரம் எழுந்திருக்கல.

— மஞ்சள் கையா… மாமா, யாரு?

— திரும்பி வாசலப் பாரு. நாலரை மணிலருந்து செருப்பக் கழட்டிட்டு நிக்கிது, உள்ள வர்றதுக்குக் கூச்சப்பட்டுக்கினு.

— …அக்கா!

— ஆமாண்டி, நான்தான். அழாத, எழுந்திரு. ரெண்டாவது கல்லுகிட்ட நீ வேப்ப மரம் வெச்சிக் கீற, அது புளிய மரம்டி. மாத்து, நான் பக்கத்துல ஒக்காந்துக்கறேன்.