கார்டில் இருந்த மொட்டை

அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கேமராப் பையோடு இருந்த போட்டோகிராபர். இன்னொருவர் அக்கா மகனை மடியில் வைத்து மொட்டை போட்ட தாய்மாமன் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“திரும்ப எடுக்கணும்னா மொதல்ல முடி வளரணும்ல அண்ணே,” என்றார் தாய்மாமன்.

“தப்புதான் தம்பி. ரெட்டியபட்டியில ஒரு விசேஷத்துக்கு அவசரமாக் கெளம்புனேன். ஒங்க படத்தக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன்னு நெனச்சுக் கேமராக் கார்ட பார்மேட் பண்ணிக் காலியாக்கிட்டேன்.”

“அத்தான் குவைத்துல இருந்து தெனமும் கேக்குறாக. நாங்க போன்ல எடுத்ததுல கூட்டந்தான் தெரியுது, புள்ளயக் காணோம்.”

“தெரிஞ்சதுமே கார்டக் கழட்டிட்டேன். அதுல புதுசா எடுத்தாத்தான் பழசு அழியும். மதுரையில ஒரு கடையில குடுத்து படத்த மீட்டாச்சு.”

“எல்லாம் வந்துருச்சா?”

“வந்துருச்சு. மொட்டை போடுற படம் மட்டும் பாதிதான் வந்துருக்கு. ஒங்க மொகம் இருக்குற பக்கம் பூராம் சாம்பக் கலரா இருக்கு.”

“புள்ள தெரியுதா?”

“வாயத் தொறந்து அழுகுறது வரைக்கும் தெளிவாத் தெரியுது.”



“அப்ப அதையே அனுப்பி விடுங்கண்ணே. புள்ள யாரு மடியில இருக்கான்னு அத்தானுக்குத் தெரியும்.”