அய்யம்மாள் முகத்தில் குறுக்குக் கோடு

எனது பெயர் கலையரசி. வயது 41. கணவர் பெயர் முத்துப்பாண்டி. போடிநாயக்கனூரில் பஸ் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் குடியிருந்துகொண்டு, வீட்டின் முன்பகுதியிலேயே படங்களுக்கு பிரேம் போடும் கடை நடத்தி வருகிறேன். சாமி படம், கல்யாணப் படம், காலமானவர்கள் படம் எல்லாம் என்னிடம் வரும். விசாரணைக்கு வரச் சொன்னதன் பேரில் காவல் நிலையத்தில் ஆஜராகி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தேவாரத்தைச் சேர்ந்த முத்துப்பிரியா என்ற போட்டோகிராபர், ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்பில் வேலைக்குப் போய்வரும் பெண்களைப் படம் எடுத்து, சென்னையில் கண்காட்சி வைப்பதற்காக என்னிடம் கொடுத்து பிரேம் போடச் சொன்னார். பெரிய படங்கள், எல்லாவற்றுக்கும் கண்ணாடி. அவற்றைப் பத்திரமாகக் கட்டி அனுப்பும் பொறுப்பையும் என்னிடமே விட்டுவிட்டு, இன்னும் சில படங்கள் எடுக்க வேண்டும் என்று குரங்கணிக்குப் போய்விட்டார். பெட்டியை வேனில் ஏற்றிக் கூடவே கொண்டுபோவதற்காக, கண்காட்சி நடத்துபவர்கள் சார்பில் ஈஸ்வரன் என்பவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். புகார் கொடுத்திருப்பது அவர்தான்.

சம்பவ தினம் காலையில் நான் கட்டும் வேலையைத் தொடங்கினேன். முதலில் கண்ணாடியைத் துடைத்து, அதன் மேல் மூலைக்கு மூலை குறுக்காகக் காகித டேப்பு ஒட்டினேன். வழியில் கண்ணாடி உடைந்தாலும் சில்லுகள் டேப்பிலேயே நின்றுகொள்ளும், படத்தைக் கீறாது. அதன் பிறகு நாலு மூலைக்கும் அட்டை மாட்டி, குமிழ் பிளாஸ்டிக்கைச் சுற்றி, பலகைப் பெட்டிக்குள் செங்குத்தாக நிறுத்த வேண்டும். படுக்கப் போட்டால் வண்டி குலுங்குகிற குலுக்கலில் கண்ணாடி தாங்காது. பெட்டியின் மேல் 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி போடுவதும் உண்டு. லோடு ஏற்றுகிறவர்கள் யாரும் அதை மதித்து நான் பார்த்ததில்லை, இருந்தாலும் போடுவேன்.

எல்லாக் கண்ணாடிக்கும் டேப்பு ஒட்டி, ஒன்றின் மேல் ஒன்றாகச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். ஈஸ்வரன் சாப்பிடப் போயிருந்தார். அப்போது சிலமலையைச் சேர்ந்த ஜக்கையன் கடைக்கு வந்தார். அவர் மனைவி அய்யம்மாள் போன மழைக்காலத்தில் தோட்டத்தில் ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்தபோது மரக்கிளை முறிந்து விழுந்து இறந்துபோனவர். அதற்கு முன்பே முத்துப்பிரியா அவரைப் படம் எடுத்திருந்தார். மடியில் காயைக் கட்டிக்கொண்டு, யாரோ என்னமோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரிக்கிற படம். அது சென்னைக்குப் போகிறது என்று, தன் பக்கத்து வீட்டிலிருந்து தோட்ட வேலைக்குப் போகும் ஜோதி சொன்னதாகவும், போவதற்குள் ஒருதரம் பார்த்துவிட்டுப் போக வந்ததாகவும் ஜக்கையன் சொன்னார். அடுக்கில் அந்தப் படம்தான் முன்னால் இருந்தது.

இரண்டு டேப்பும் சரியாக அய்யம்மாள் முகத்தின் மேல்தான் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. எதற்கு இப்படி என்று கேட்டார். எனக்கு வேன் வந்துவிடும் என்ற அவசரம், அதனால் பாக்கிங்குக்கு அப்படித்தான், கையை வைக்காதீர்கள் என்று வெடுக்கென்று சொன்னேன். அதன் பிறகு அவர் நகத்தால் டேப்பை உரிக்க ஆரம்பித்தார். நான் சத்தம் போட்டேன். அவர் படத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார். இதை எதிர் டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். அவர் சொன்னதைக் கேட்டுத்தான் ஈஸ்வரன் நேராகக் காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறார். அதுவரை நடந்தது மட்டும்தான் அப்போது அவர்கள் இருவருக்கும் தெரியும்.

அதன் பிறகு நான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினேன். கோபமாகத்தான் ஓடினேன். பஸ் நிலையத்தில் சிலமலை பஸ்சு நிற்கும் இடத்தில், படத்தை மடியில் படுக்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டேப்பு முழுவதையும் உரித்துவிட்டு, கண்ணாடியில் ஒட்டியிருந்த பசையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று போன எனக்கு வாயில் வந்தது, "நட்டக்குத்தா நிறுத்திப் புடிங்கண்ணே, கண்ணாடி விரிசல் விட்டுப்போகும்" என்பதுதான். அவர் உடனே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தபடியே பேசினார்.

"ரேசன் கார்டுல பேரை அடிச்சாக தாயி. ஓட்டு லிஸ்டுலயும் அடிச்சாக. செத்துட்டா அடிக்கத்தான செய்வாகன்னு இருந்துட்டேன். சிரிக்கிற மூஞ்சியில எதுக்கு அடிச்சீக?"

டேப்பு கண்ணாடிக்காக ஒட்டியது என்று அந்த இடத்தில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டில் அய்யம்மாளுக்கு வேறு படம் இருக்கிறதா என்று கேட்டேன். ஆதார் கார்டில் இருப்பது ஒன்றுதான் என்றும், அதைப் பார்த்தால் அவளுக்கே அவளை அடையாளம் தெரியாது என்றும் சொன்னார்.

கடைக்கு வரும்படி கூப்பிட்டேன். மறுக்காமல் படத்தோடு என் கூடவே வந்தார். மற்ற படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். எல்லாவற்றிலும் அதே குறுக்குக் கோடு இருந்தது. இறந்தவருக்கு என்று தனியாகப் போட்டதில்லை, கண்ணாடிக்காகப் போட்டது என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. ஜோதியின் படம் வந்ததும் அதைக் கையால் காட்டினார். "இவ உசுரோட இருக்கா. இவளுக்கும் வேணாம் தாயி" என்று சொன்னார்.

அதன் பிறகு நான் எல்லாப் படத்திலும் டேப்பைப் பிரித்தெடுத்து, மேலிருந்து கீழாக, முகத்துக்கு இரண்டு பக்கமும் விலக்கி ஒட்டினேன். பாதுகாப்புக்கு அது கொஞ்சம் குறைவுதான், அதனால் குமிழ் பிளாஸ்டிக்கை இன்னொரு சுற்றுச் சுற்றினேன். அய்யம்மாள் படத்தை ஜக்கையனிடமே கொடுப்பது பற்றி முத்துப்பிரியாவைக் கேட்டுக்கொள்ளலாம் என்று போன் போட்டேன், குரங்கணியில் சிக்னல் இல்லை. கிடைத்திருந்தாலும் கொடுக்கட்டுமா என்று நான் கேட்டிருப்பேனா, கொடுக்கிறேன் என்று சொல்லியிருப்பேனா என்று இப்போது யோசிக்கிறேன். சொல்லியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அய்யம்மாள் படத்தை நானே தனியாகக் கட்டி, ஜக்கையன் கையில் கொடுத்து, பஸ்சு ஏற்றிவிட்டேன். பெட்டியில் அந்த இடம் காலியாக இருந்தால் மற்றவை ஆடும் என்பதால் அங்கே பழைய போர்வை ஒன்றை மடித்துச் செருகினேன்.

ஈஸ்வரன் புகார் கொடுத்துவிட்டுக் கடைக்கு வந்ததும் நடந்ததைச் சொன்னேன். நான் பரிதாபப்பட்டு மறைப்பதாகச் சொன்னார். அது என் பொருள் இல்லை, எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமையும் இல்லை என்று சொன்னார். அது சரிதான். முத்துப்பிரியா மலையிலிருந்து இறங்கி வந்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. மறுபடி பிரிண்டு போட்டால் பிரேம் நான் போட்டுத் தருகிறேன். கொடுத்தது குற்றம் என்றால் என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்காமல் தூக்கிக்கொண்டு போனவரைத் திருடன் இல்லை என்று எப்படிச் சொல்கிறாய் என்று என்னை விசாரித்த அய்யா கேட்டார்கள். தூக்கிக்கொண்டு போனதும் அவர்தான், திரும்பக் கடைக்குச் சுமந்து வந்ததும் அவர்தான். நாலு மூலைக்கும் அட்டை மாட்டி, மடியில் போடாமல் நிறுத்திப் பிடிக்கச் சொல்லி அனுப்பியது நான். திருடுகொடுத்தவள் யாரும் உடையாமல் கட்டிக் கொடுத்து பஸ்சு ஏற்றிவிட மாட்டாள்.

மேலே எழுதியிருப்பது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, உண்மைக்கு மாறாக ஒன்றும் இல்லை. அடித்தல் திருத்தல் ஒன்று. ஜக்கையன் படத்தைத் 'திருடிக்கொண்டு' போனார் என்று முதலில் எழுதப்பட்டிருந்தது, அது அடிக்கப்பட்டு 'தூக்கிக்கொண்டு' என்று திருத்தப்பட்டுள்ளது. அந்தக் கோட்டை அய்யாவிடம் கேட்டு நானே குறுக்கே போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
மு. கலையரசி