கதவு செய்தவன் அலைப்பலகை செய்த கதை

அலைச்சறுக்குச் சங்கத்தின் தலைவர் அவர்களே, கடலில் குளித்த ஈரம் காயாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளை நீருக்கு அனுப்பிவிட்டுக் கண்களை அலையில் நட்டு வைத்திருக்கும் தாய்மார்களே, தங்கள் பலகையைத் தாங்களே செதுக்க நாளை முதல் என் பட்டறைக்கு வரவிருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

நான் யார்? இருபது ஆண்டுகள் கதவு செய்தவன். நேர்கோடே என் நெறி, ரசமட்டமே என் நீதி என்று வாழ்ந்தவன். அப்படிப்பட்டவன் அலையில் சறுக்கும் பலகை செய்யப் போனது ஏன்? என் மனைவிக்காக. அவர் மருத்துவமனையில் செவிலியர். வேலை முடிந்தால் கடல்தான். முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு கடையில் விற்கும் அலைப்பலகை எதிலும் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. எட்டு மாதம் ஜன்னலோரம் நின்று அலையையே பார்த்தார். எனக்குப் பொறுக்குமா? "நானே செஞ்சு தரேன்" என்று வாயை விட்டேன்.

பலகை செதுக்குவதற்கான நுரைக்கட்டி வந்தது. அதன் மூக்கு மேல்நோக்கி வளைந்திருந்தது. கோணல் என்று நினைத்தேன். இழைத்தேன், இழைத்தேன், ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை இழைத்தேன். மனைவி அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"எல்லாம் சரிங்க, கீலை எந்தப் பக்கம் மாட்டப் போறீங்க?"

சிரியுங்கள், அங்கே அமர்ந்திருக்கும் என் மைத்துனரே, அன்றும் நீங்கள் இப்படித்தான் சிரித்தீர்கள். முதல் அலையிலேயே பலகை மூக்கைத் தண்ணீரில் குத்தியது. அவர் குட்டிக்கரணம் அடித்தார்.

இரண்டாவதில் வளைவு வைத்தேன். ஆனால் அவர் விழுந்த காட்சி கண்ணை விட்டுப் போனால்தானே? அகலத்தைக் கூட்டினேன், கனத்தைக் கூட்டினேன். அவர் விழவில்லை, ஆனால் பலகை எந்தப் பக்கமும் திரும்பவில்லை. கரையேறி வந்து கேட்டார்:

"ஏங்க, இதை நான் அலையில போறதுக்குச் செஞ்சீங்களா, நீங்க பயப்படாம இருக்கறதுக்குச் செஞ்சீங்களா?"

அன்பு என்று எண்ணி என் அச்சத்தையல்லவா அங்குலம் அங்குலமாக ஏற்றி வைத்திருந்தேன்?

மூன்றாவது கட்டியின் மேல் அவரையே படுக்கச் சொன்னேன். கை ஊன்றும் இடத்தையும் கால் பதியும் இடத்தையும் அவரே பென்சிலால் குறித்தார். ஓரங்களை அவரே உப்புத்தாளால் தேய்த்தார். "இன்னும் குறைங்க" என்பார். நான் இழைப்புளியைக் கீழே வைப்பேன். "குறைங்கன்னு சொல்றேன்ல" என்பார். குறைத்தேன்.

அந்தப் பலகையில் அவர் எழுந்து நின்றார். நின்றார், அவையோரே, நின்றார். சாய்ந்தார், திரும்பினார், தொப்பென்று விழவும் விழுந்தார். நான் செருப்போடு கடலுக்குள் ஓடினேன். அவரோ தலையைத் தூக்கினார், பலகையை இழுத்தார், ஏறிப் படுத்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த அலையை நோக்கிப் போய்விட்டார். இடுப்பளவு தண்ணீரில் நின்று ஆனந்தத்தில் அழுதேன்.

செல்வங்களே, நாளை ஆளுக்கு ஆள் அளவு சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் அலையில் எழப்போவது யார்? நீங்கள். விழப்போவது யார்? நீங்கள். அப்படியென்றால் செதுக்க வேண்டியது யாருடைய ஆசையை? யாருடைய அச்சத்தையும் அல்ல, உங்கள் ஆசையை.

என் மனைவி எங்கே என்று தேடுகிறீர்கள். அலை நன்றாக இருக்கிறதாம், கடலுக்குப் போயிருக்கிறார். அவர் கடலில் இருக்கும்போது நான் கரையில் காவல் நிற்காமல் இருப்பது இதுவே முதல்முறை. அந்தத் துணிச்சலை எனக்குத் தந்த அவருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.