லேப்டாப்புக்கோசரம் புருசன வுட்டவ

இல்ல கனி, அடிச்சாரான்னு கேட்டா இல்ல. ஒரு நாளும் இல்ல. குடி கிடையாது. வேற பொம்பள சங்காத்தம் கிடையாது. கங்காதரன் பாவாவ பத்தி நீ யார விசாரிச்சியோ அவங்க எல்லாரும் மெய்தான் சொல்லிக்கிறாங்க. தங்கமான மனுசன். நான்தான் ஒரு லேப்டாப்புக்கோசரம் கட்டின புருசன வுட்டுட்டுப் போனவ. ஆர்.கே.பேட்டைல அப்படித்தான சொல்றாங்க? அதுவும் மெய்தான்.

குந்து, ஏன் நின்னுகினே இருக்கற. பாய் மேல குந்து. ஜன்னல தொறக்கறதில்லம்மா, எதிர்ல லாட்ஜு, மலைக்கு வர்ற ஜனம் பூரா அங்கதான் தங்குது. என் தலைய இன்னாத்துக்கு அப்படி பாக்கற? முடி வளர வளர போய் எடுத்துட்டு வந்துடறேன். வேற ஊருல பொம்பள மொட்டத் தலையோட போனா நாலு பேரு நின்னு பாப்பான். திருத்தணில எவன் பாக்கறான்? வேண்டுதல்னு நெனச்சுகினு போயிடுவான். அவரு ஊரு டவுன் பஸ்ஸு வந்து நிக்கற எடத்துலயே குந்திகினு, பெங்களூருல இருக்கறேன்னு சொந்த பந்தம் அத்தினி பேரையும் நம்ப வெச்சிருக்கேன் பாரு. எங்க அம்மாவுக்கு மட்டும்தான் இந்த ரூமு தெரியும். அது உனக்கு வழி சொல்லி அனுப்பிச்சிருக்குன்னா, உனக்கும் அவருக்கும் கல்யாணப் பத்திரிகை அடிக்கறதுக்கு முன்னாடி நீ இத கேட்டுடணும்னு அதுக்கு தோணியிருக்குது.

சரி கேளு. எனக்கு கம்ப்யூட்டர் கத்துக் குடுத்ததே அவருதான். அத்த பையன், முற மாப்பிள்ள, பஜார்ல கம்ப்யூட்டர் கடை. பி.காம். முடிச்சிட்டு சும்மா இருந்தவள கடைல குந்த வெச்சு மவுசு புடிக்கறதுல இருந்து சொல்லிக் குடுத்தாரு. எந்த பட்டனுக்கு எந்த வெரலுன்னு என் வெரல புடிச்சு வெச்சுக் காட்டுவாரு. தப்பு பண்ணா சிரிக்க மாட்டாரு. கல்யாணத்துக்கு தட்டுல பூ பழத்தோட ஒரு லேப்டாப்பும் வெச்சுக் குடுத்தாரு. நம்ம சனத்துல எந்த பொண்ணுக்கு அப்படி வெச்சாங்க சொல்லு. அதுலதான் சென்னை கம்பெனி ஒண்ணுக்கு வூட்ல இருந்தே ஆஸ்பத்திரி பில்லு பாக்கற வேலைக்கு சேந்தேன்.

கூட வேல செய்யறவ மோனிகான்னு அரக்கோணத்துப் பொண்ணு. நேர்ல கூட சரியா பாத்ததில்ல, எல்லாம் டைப் அடிச்சு பேசறதுதான். ஒரு நாளு அவகிட்ட எழுதினேன், அத்த வெக்கற கொழம்புல காரம் தாங்கல, எப்படி சொல்றதுன்னு தெரியலன்னு. அன்னிக்கே சாப்பட குந்தினவரு, அம்மா நாளையில இருந்து காரத்த கொறச்சு போடுன்னாரு. எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இன்னொரு நாளு மயிலு கழுத்து கலருல ஒரு பொடவ ஆசையா இருக்குன்னு எழுதினேன். அதே கலருல பொடவ வருது. அம்மா ஞாபகமா இருக்குதுடின்னு எழுதினேன். கெளம்பு, உங்கம்மாவ பாத்துட்டு வரலாம்னு வண்டிய எடுக்கறாரு.

இதெல்லாம் நான் யாருகிட்ட சொல்லல சொல்லு. நெனச்சா போதும், வாங்கிகினு வந்து நிக்கறாரு, என் மனசு அவருக்கு கண்ணாடி மாதிரின்னு போற வர்ற எடமெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேன். எங்க அம்மா எங்க ரெண்டு பேரையும் குந்த வெச்சு சுத்திப் போட்டுச்சு. உனக்கும் இப்ப அந்த மாதிரிதான் இருக்குதா? ஆங். தல குனியாத. அது சொகமாத்தான் இருக்கும்.

அப்பால தான் மாத்திர சமாச்சாரம். உனக்கு சொல்றதுக்கு இன்னா. கொழந்த இப்பத்திக்கு வேணாம், வேலைல கொஞ்சம் நெலச்சு நின்னுக்கலாம்னு எனக்கு. அத்தைக்கு பயந்துகினு யாருக்கும் சொல்லாம மாத்திர போட்டுகினு இருந்தேன். பொட்டியில கூறப் பொடவ மடிப்புக்குள்ள வெச்சிருந்தேன், அத யாரு தொடப் போறாங்கன்னு. மோனிகாவுக்கு மட்டும் எழுதினேன், எங்க ஒளிச்சு வெச்சிருக்கேன்றது வரைக்கும். எழுதி சிரிச்சோம்கூட. கொஞ்ச நாளு கழிச்சு மடிப்புல கைய வுட்டா அட்டை இருக்குது, மாத்திர வேற. செவப்பு கலரு, சத்து மாத்திர. நான் மாத்தி வெச்சுட்டனா, எனக்கு புத்தி கெட்டுப் போச்சான்னு பொட்டியவே கொட்டித் தேடறேன். சாப்பட வந்தவரு தட்டப் பாத்துகினே சொல்றாரு, மொகம் வெளுத்துக் கெடக்குது ஷாலு, ரத்தம் கம்மியா இருக்கும், சத்து மாத்திர வுடாம போடுன்னு. வேற ஒரு வார்த்த இல்ல. ஏன்டி இப்படி பண்ணேன்னு ஒரு அறை வுட்டிருந்தா நான் அவரு கூடவே இருந்திருப்பேன், மெய்யாலுமே சொல்றேன்.

அத்த பொட்டியில பாத்து அவருகிட்ட சொல்லியிருக்கும்னுதான் நானும் மொதல்ல நெனச்சேன். ஆவட்டும், ஒண்ணு பாக்கலாம்னு ஒரு நாளு அவரு கடைக்குப் போனப்பால லேப்டாப்ப தொறந்து, யாருக்கும் அனுப்பாம, சும்மா வெறும் பக்கத்துல டைப் அடிச்சேன். வயிறு வலிக்குது, தாங்க முடியல, யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல. அவ்ளோதான். அடிச்சேன், அழிச்சேன், மூடிட்டேன். எனக்கு வயிறும் வலிக்கல ஒண்ணும் வலிக்கல. உச்சி வெயில்ல கடைய மூடிட்டு வர்றாரு கனி. கைல ஓமத் தண்ணி பாட்டிலு. குடி கண்ணு, வலி போயிடும்ன்றாரு. குடிச்சேன். அவரு பாத்துகினே நிக்கறாரு, சொட்டு வுடாம குடிச்சேன். அன்னிக்கு வந்த பயம் இன்னும் எறங்கல.

எங்க கம்பெனில கம்ப்யூட்டர் பாக்கறவருக்கு அம்மா போன்ல இருந்து பேசினேன். அவரு அங்கருந்தே உள்ள பூந்து பாத்துட்டு சொன்னாரு, நீங்க தட்டற ஒவ்வொரு எழுத்தையும் எடுத்து வெளிய அனுப்பற சாமானு ஒண்ணு உள்ள குந்திகினு இருக்குதும்மா, இன்ன தேதில போட்டிருக்காங்கன்னு. காலண்டர எடுத்துப் பாத்தேன். சரஸ்வதி பூஜ.

நம்ம சனத்துல தெரியுமே உனக்கு. அன்னிக்கு எல்லா வூட்டு லேப்டாப்பும் அவரு கடைக்குத்தான் போவும். வரிசையா அடுக்கி, மூடி மேல ஓரமா சந்தனம் குங்குமம் வெச்சு, பொரி கடல படைச்சு, மறுநாளு விஜயதசமி அன்னிக்குத்தான் எடுத்துத் தருவாரு. அது வரைக்கும் யாரும் தொடக் கூடாது. நான் சின்ன வயசுல பூஜைல வெச்ச கத்தரிக்கோல எடுத்துட்டேன்னு எங்க நைனா அன்னிக்கு பூரா என் கூட பேசல. அப்படி வளந்தவங்க நாம. அவரு சாமி முன்னால வெச்சத தொட்டு, தொறந்து, உள்ள கைய வுட்டுட்டு, மறுநாளு குங்குமத்தோட எங்கைல குடுத்தாரு. நான் கண்ணுல ஒத்திகினு வாங்கினேன். மத்தவங்க லேப்டாப்புல போட்டாரான்னு எனக்கு தெரியாது. உன்னுதும் அங்கதான் போச்சா? ம்.

அந்த சாமான எடுத்துட சொல்லலாம்தான். எடுத்தா அவருக்கு தெரியும். தெரிஞ்சாலும் ஒண்ணும் கேக்க மாட்டாரு, வேற எதுனா பண்ணுவாரு. எடுத்தாலும் நாளைக்கு ஒரு சார்ஜரு போச்சுன்னா அவரு கடைக்குத்தான போவணும்? அத்தொட்டு நான் இன்னா பண்ணேன், மோனிகா கூட சென்னைக்குப் போயி, ரிச்சி தெருவுல அலஞ்சு, ஆப்பிள் லேப்டாப்பு பழசு ஒண்ணு வாங்கிகினு வந்துட்டேன். இதோ, மடில வெச்சிருக்கனே இதான். அவரு கடைல பூரா விண்டோஸ்தான். ஆப்பிள்னா எவனாவது எடுத்துகினு வந்தாகூட சென்னைக்கு அனுப்பிடுவாரு. கம்பெனில இதான் வேணும்னுட்டாங்கன்னு வூட்ல சொன்னேன்.

முதல்ல ஒண்ணுமே புரியல. மூடற பட்டன் வலது பக்கம் இருக்கும்னு போனா அது இடது பக்கம் குந்திகினு இருக்குது. அதுல கண்ட்ரோலுன்னா இதுல வேற பட்டன். தமிழ் அடிக்கறதுக்குள்ள உசுரு போவும். கண்ணு வேற எடத்த பாக்கும், வெரலு அவரு வெச்சுக் காட்டின எடத்துக்குத்தான் போவும். என் வெரல நானே அடிச்சிருக்கேன்னா பாத்துக்கோ. ஆனா ஒண்ணு, இதுல நான் எழுதினது எதுவும் சாப்பாட்டுத் தட்டுக்கு வரல. நான் நெனச்சது எனக்குள்ளயே இருந்துச்சு. வூட்ல கொழம்பு மறுபடி காரமாச்சு. எனக்கு அந்தக் காரத்துல அவ்ளோ சந்தோசம்.

அவரு சும்மா இருப்பாரா. கோவமே படல. பாஸ்வேர்டு சொல்லு ஷாலு, எதுனா அவசரம்னா நான் பாக்கணும்ல. மறந்துட்டேன்னேன், வெரல வெச்சாதான் தொறக்கும்னேன். நான் குளிக்கப் போனப்ப கடைக்கு எடுத்துகினு போயிட்டாரு ஒரு நாளு. திரும்பி வந்தப்ப அடிப்பக்கம் திருகாணி ஓரமெல்லாம் கீறல். தோ பாரு, இங்க. அவருகிட்ட இருந்த எந்த ஸ்குரூ டிரைவரும் இதுக்கு பொருந்தல. தூசி தட்டினேன்னு சிரிச்சுகினே குடுத்துட்டாரு.

நான் ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேன். அடுத்த வாரம் கடைக்கு சாப்பாடு எடுத்துகினு போறேன், அவரு எதிர்ல இதே மாதிரி ஒண்ணு, புதுசு, டப்பாவோட. காதுல மாட்டிகினு யூடியூப் பாத்துகினு இருக்கறாரு. ஒருத்தன் சொல்லித் தரான், இவரு நிறுத்தி நிறுத்தி அதே மாதிரி தட்டிப் பாக்கறாரு, எனக்கு முன்ன சொல்லிக் குடுத்தப்ப இருந்த அதே பொறுமையோட. என்ன பாத்துட்டு, வா ஷாலு, நானும் மாறிட்டேன் உனக்கோசரம்ன்னாரு. சாப்பாட்ட வெச்சிட்டு வெளிய வந்தவதான். வூட்டுக்குப் போயி பைய எடுத்துகினு பஸ் ஏறிட்டேன்.

கோர்ட்டுலயும் அவரு தகராறு பண்ணல. கேஸு நாளுக்கு நான் டோப்பா முடி வெச்சுகினு, அரக்கோணத்துக்குப் போயி அங்கருந்து ரயில் ஏறி, பெங்களூருல இருந்து வர்றவ மாதிரி இங்க வந்து எறங்குவேன். வேணாம்னு சொல்றவள கட்டி வெக்கறதுக்கு நான் ஆளில்லன்னு சொல்லி அவரு கையெழுத்து போட்டாரு. வக்கீலுக்கே கண்ணு கலங்கிடுச்சு. வெளிய வர்றப்ப கிட்ட வந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, அதுல சார்ஜ் நிக்குதா ஷாலுன்னு. உன் பழச கடைல வெச்சிருக்கேன், அப்பப்ப சார்ஜ் போட்டுகினுதான் இருக்கேன்னாரு.

பொய் சொல்ல மாட்டேன் கனி, சில நாளு அழுவ வரும். என் மனச அந்த மாதிரி யாரும் கேட்டதில்ல. அம்மா கேட்டதில்ல, நைனா கேட்டதில்ல. கட்டிக்கறதும் வேணாங்கறதும் உன் இஷ்டம். நான் சொன்னேன்னு யாருக்கும் சொல்லாத, அவ்ளோதான்.

எதுவோ அடிச்சுது பாரு. உன் போனா? பாரு பாரு, உங்க வூட்ல இருந்து இருக்கப் போவுது.

பாவாவா. இன்னா போட்டுக்கறாரு, காட்டு. வெயில்ல நடக்காத, பேசி முடிச்சிட்டு லாட்ஜு வாசல்ல நெழல்ல நில்லு, நான் வண்டி எடுத்துகினு வந்துகினு இருக்கேன்னு போட்டுக்கறாரு.

திருத்தணிக்கு வர்றேன்னு அவருகிட்ட சொன்னியா? சொல்லல. வூட்ல? சோளிங்கருக்கு, கூட படிச்சவ வூட்டுக்குன்னு சொன்னியா. ம். போனு நிச்சயத்துக்கு அவரு குடுத்ததா. அவரே எல்லாத்தையும் போட்டுக் குடுத்தாரா.

அழுவாத. உன் மேல தப்பு இல்ல. கிட்ட வா, காதுல சொல்றேன். ஆப் பண்ணாத, ஆப் பண்ணா இன்னும் சீக்கிரம் வருவாரு. சரி பாவான்னு பதிலு போடு. எப்பவும் பூ பொம்ம போடுவியா? அதையும் போடு. போட்டுட்டு போன இங்கயே பாய் மேல வெச்சிட்டு, பின்பக்கமா எறங்கி உங்க ஊரு கண்டிகை பஸ்ஸ புடி. உங்க நைனாகிட்ட நேர்ல, வாயால சொல்லு. நான் எங்க போவேன்னு நீ கேக்காத, கேட்டாலும் இந்த போனு கிட்ட வெச்சு சொல்ல மாட்டேன். அந்த லேப்டாப்பு சார்ஜர மட்டும் புடுங்கி எங்கைல குடுத்துட்டுப் போ.