ரெண்டாயிரம் தலை

மனைவி: ...பதினாலு சுத்து ஆச்சு. இனி ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன். முட்டி கழண்டு கையில வந்துடும் போல இருக்கு.

வாட்ச்காரர்: பதிமூணு.

மனைவி: நடுவுல தண்ணி குடிக்கிறேன்னு கடைக்குள்ள வந்து உட்கார்ந்தீங்களே, அப்போ நான் தனியா ஒண்ணு போய்ட்டு வந்தேன்.

வாட்ச்காரர்: சரி, பதினாலு. போய்ச் சேலையை மாத்திட்டு வா. இந்தப் பச்சையிலேயே மூணு தடவை போயிட்டே. அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சிடும்.

மனைவி: அவ எங்க நிமிர்ந்து பார்க்கிறா... தெருமுனையில ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துக்கிட்டு, யாரு போனாலும் கையில இருக்கிற எண்ணுற மிஷினை ஒரு அமுக்கு. அவ்வளவுதான். ஆடு போனாக்கூட அமுக்குவா.

வாட்ச்காரர்: ஆடு இருந்தா ஓட்டிட்டு வந்திருக்க மாட்டேனா.

மனைவி: உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. இந்த முனையில நுழைஞ்சு, அந்த முனையில வெளிய போய், சாக்கடைச் சந்து வழியாத் திரும்பி, மறுபடியும் இந்த முனை. தெரு மொத்தமும் காலையிலேர்ந்து செக்கு மாடு மாதிரி சுத்துது.

வாட்ச்காரர்: தெருவைக் காப்பாத்தத்தானே. ஆள் நடமாட்டம் ரெண்டாயிரம் தலை தாண்டணும். இப்போ எவ்வளவு?

மனைவி: கடைசியாப் போனப்போ எட்டிப் பார்த்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது சொச்சம்.

வாட்ச்காரர்: ஆறு மணிக்கு எழுந்து போயிடுவா. அதுக்குள்ள முடிக்கணும்.

மனைவி: இப்போ மணி என்ன? உங்க கடையில எதைப் பார்த்துத் தொலைக்கிறது... சுவத்துல ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நேரம் காட்டுது.

வாட்ச்காரர்: அஞ்சே முக்கால். அந்த நீலத்தைப் பாரு, அது சரியா ஓடும்.

மனைவி: சரி... ஒண்ணு கேக்கிறேன், கோவப்படாம பதில் சொல்லுங்க.

வாட்ச்காரர்: நீ கேக்கிற தோரணையே கோவத்தைக் கிளப்புது.

மனைவி: ரெண்டாயிரம் தாண்டினா தெரு தப்பிச்சிடும்னு யாரு சொன்னா?

வாட்ச்காரர்: முனிசிபாலிட்டி ஒட்டின நோட்டீஸ்ல...

மனைவி: நோட்டீஸ்ல, தலையை எண்ணுவோம், ரெண்டாயிரத்தை வச்சு இந்தத் தெருவை என்ன பண்றதுன்னு முடிவு பண்ணுவோம்னுதான் இருக்கு. தாண்டினா என்ன, தாண்டாட்டி என்னன்னு எங்க போட்டிருக்கு?

வாட்ச்காரர்: அது... ரெண்டாம் பக்கத்துல இருக்கும். அதை ஒட்டாமப் போயிட்டானுங்க.

மனைவி: செவ்வாய்க்கிழமை ஆபீசுக்குப் போனீங்களே. கேக்கலையா?

வாட்ச்காரர்: ...கேட்டேன்.

மனைவி: என்ன சொன்னாங்க?

வாட்ச்காரர்: நீ போய்ச் சேலையை...

மனைவி: சேலை கிடக்கட்டும்.

வாட்ச்காரர்: தாண்டினா இடிச்சிடுவாங்க. ஆளு நிறைய வர்ற இடம்னா வியாபாரம் நடக்கும், பெரிய வளாகமாக் கட்டலாம்னு அவங்க யோசனை. நமக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி வீடும் கடையும் தருவாங்க. தாண்டலைன்னா தெரு இப்படியே கிடக்கும். ரோட்டுக்குத் தாரு பூசிட்டுப் போயிடுவாங்க.

மனைவி: அப்போ... தெரிஞ்சேதான் நடந்தீங்க.

வாட்ச்காரர்: ம்.

மனைவி: தெருக் கூட்டத்துல மைக்கைப் பிடுங்கி, இந்தத் தெருவை விட்டு என் பொணம்தான் போகும்னு முழங்கினது யாரு? தட்டித் தட்டி எனக்குக் கை சிவந்து போச்சு.

வாட்ச்காரர்: பேசுற வேகத்துல வந்துடுச்சு. எல்லாரும் தட்டினதும் திரும்ப விழுங்க முடியல. மில்லு மூடி ஒன்பது வருஷம் ஆச்சு. கடைக்கு வர்றவன் எல்லாம் மணி கேக்கத்தான் வர்றான். மழை பேஞ்சா சாக்கடைத் தண்ணியில காலை வச்சுக்கிட்டு வாட்ச்சைத் திறக்கிறேன். எனக்கு வெறுத்துப் போச்சும்மா. நீ எங்கேயும் வர மாட்டேன்னு நினைச்சேன், உன்கிட்ட சொல்லவே பயமா இருந்தது.

மனைவி: அதுக்காக ஊரையே ஏமாத்துவீங்களா? பக்கத்துக் கடை சலூன்காரத் தம்பி ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடக்குது, அதைப் பார்க்கவே...

சலூன்காரர்: அக்கா, அண்ணே... என்ன ரெண்டு பேரும் உட்கார்ந்துட்டீங்க? இன்னும் இருபது தலை இருந்தாப் போதும். பாதி ஷேவிங்ல இருந்த ஆளையே ரெண்டு சுத்து இழுத்துட்டுப் போனேன், நுரையோட.

மனைவி: இது எத்தனையாவது சட்டை தம்பி?

சலூன்காரர்: அஞ்சாவது. என் மச்சானுது, பட்டன் எட்ட மாட்டேங்குது.

மனைவி: கழட்டிடு. உங்க அண்ணன் நம்மளை எல்லாம் முட்டாளாக்கிட்டாரு. நான் போய் அந்தப் பொண்ணுகிட்ட, நடந்ததே மொத்தம் நூத்தைம்பது பேருதான், மீதி எல்லாம் பொய்க் கணக்குன்னு சொல்லிட்டு வர்றேன்.

சலூன்காரர்: அக்கா, கொஞ்சம் உட்காருங்க.

மனைவி: வழியை விடு. தாண்டினா இடிச்சிடுவாங்களாம்.

சலூன்காரர்: ...தெரியும்க்கா.

மனைவி: தெரியுமா?

சலூன்காரர்: அந்த ஆபீஸ்ல கட்டடப் படம் வரையிறவரு என்கிட்டதான் முடி வெட்டிக்கிறாரு. நாற்காலியில உட்கார்ந்து அவரே சொன்னாரு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை கிடைச்சா நானும் பிழைச்சுக்குவேன். அண்ணன் அன்னைக்குப் பேசின பேச்சுக்கு அப்புறம் நான் எப்படி வாயைத் திறக்கிறது... அண்ணே, நீங்களுமா?

வாட்ச்காரர்: என்னைக் கேக்கிறியா... சாகும்வரை உண்ணாவிரதம்னு சொன்னவன் நீதானே?

சலூன்காரர்: நீங்க பொணம் வரைக்கும் போயிட்டீங்க. நான் அதுக்குக் கீழ எப்படிண்ணே இறங்குவேன்?

வாட்ச்காரர்: எல்லாம் அந்த ரெண்டாம் பக்கத்தால வந்த வினை. அதையும் சேர்த்து ஒட்டியிருந்தா இந்தக் கூத்தே நடந்திருக்காது.

மனைவி: நோட்டீஸ்காரன் ஒட்டத்தான் செஞ்சான். பசை வாளியைப் பிடிச்சுக்கிட்டு நின்னதே நான்தான். அவன் தலை மறைஞ்சதும், ஈரம் காயறதுக்குள்ள ரெண்டாம் பக்கத்தை உரிச்சு எடுத்துட்டேன். அது சுவத்துல இருந்திருந்தா, நாலு பேரு என்ன சொல்லுவாங்களோன்னு பயந்து ஒருத்தரும் நடந்திருக்க மாட்டீங்க, கதவைச் சாத்திக்கிட்டு வீட்டுக்குள்ளேயே கிடந்திருப்பீங்க. இப்போ அந்தப் பொண்ணுகிட்ட சொல்றேன்னதும் உங்க வாயைப் பிடுங்கத்தான்... அது கிடக்கட்டும், செவ்வாய்க்கிழமை அவ்வளவு தூரம் போனீங்களே, அந்தப் புது வீட்டுக்கு ஒரு ஜன்னலாவது உண்டான்னு கேட்டீங்களா, இல்லையா?