பம்பு ரிப்பேரில் இருக்கிறது

“ஏன்டி, உங்க ஸ்கூல்ல பந்துக்குக் காத்தடிக்க வேற ஆளே இல்லையா? எம் பொண்ணுதான் கிடைச்சாளா?” என்று அக்கா சிரித்துக்கொண்டே கேட்டாள்.

“யார் சொன்னா?”

“அவளேதான். கோவம் வந்தா போய் ஒரு பந்துக்குக் காத்தடிக்கிறாளாம். கையெல்லாம் வலிக்குதுன்னு பெருமை வேற. ஆனா ஒண்ணுடி, இந்தப் பருவம் முழுக்க வீட்டுல ஒரு தட்டு உடையல. கண்ணாடி டம்ளரையெல்லாம் மறுபடி வெளியில எடுத்து வச்சிருக்கேன், பாரு.”

அந்தக் கண்ணாடி டம்ளரில்தான் எனக்குத் தேநீர் கொடுத்தாள். இந்த விசாரணையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு முதல் என்பது அந்தத் தேநீர்தான். அக்கா கைக்கு அப்படி ஒரு பக்குவம்.

அக்காவின் மகளை வீட்டில் பட்டாசு என்போம். பன்னிரண்டு வயது. யாராவது ஒரு சொல் சொன்னால் போதும், கையில் கிடைத்தது பறக்கும். அப்புறம் அவளே மூலையில் உட்கார்ந்து தேம்புவாள். கெட்ட பெண் இல்லை. இதை நான் யாரிடமும் மாற்றிச் சொன்னதில்லை.

என் வேலை உங்களுக்குத் தெரியும். நடத்தைச் சிக்கல் உள்ள மாணவர்களுக்குப் பள்ளியிலேயே மனநல உதவி கொடுத்தால் என்ன பலன் கிடைக்கும் என்று ஆராய்வது. அதற்கு நான் தேர்ந்தெடுத்த பள்ளியில்தான் பட்டாசும் படித்தாள். படிக்கட்டுக்குக் கீழே உடைந்த நாற்காலிகள் அடைந்து கிடந்த அறையை ஒழித்து, வெளிர்பச்சை அடித்து, மெத்தை போட்டு, ஓர் ஆலோசகரை உட்காரவைத்தேன். பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தோம். பாதிப் பேர் அந்த அறைக்கு வருவார்கள். மீதிப் பேருக்கு அந்த ஆண்டு எதுவும் கிடையாது, அடுத்த ஆண்டுதான் அவர்கள் முறை. ஒன்றும் பெறாதவர்களோடு வைத்துப் பார்த்தால்தானே பெற்றவர்களுக்கு என்ன கிடைத்தது என்று தெரியும். குலுக்கலில் பட்டாசு காத்திருக்கும் குழுவில் விழுந்தாள். குலுக்கியது நான் அல்ல. இப்படிப்பட்ட விஷயங்களில் நான் கறார்.

அவள் எனக்கு என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அக்காவிடம் முறைப்படி விளக்கிச் சம்மதம் கேட்டேன். “எதுக்குடி இவ்வளவு நீட்டி முழக்கற? நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை?” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். அதற்கு முன்பே தலைமையாசிரியை அக்காவைக் கூப்பிட்டு, இன்னொரு முறை யாருக்காவது அடிபட்டால் இவளைப் பள்ளியில் வைத்துக்கொள்ள முடியாது, ஊருக்கு வெளியே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே இருக்கும் விடுதியில்தான் சேர்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டுவிட்டு வந்த அக்கா என் தோளில்தான் சாய்ந்து அழுதாள். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்வது சரியாக இருக்காது.

தேநீர் குடித்த நாளுக்கு முந்தைய வாரம்தான் பாதி ஆண்டு மதிப்பீடு முடிந்திருந்தது. அறைக்கு வந்த பிள்ளைகள் கொஞ்சம் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்கள் காத்திருந்தபடியே இருந்தார்கள், ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்தி எல்லோரையும்விட நன்றாகத் தேறியிருந்தாள். சித்தியாக எனக்குப் பூரிப்புதான். ஆனால் சின்னக் குழுவில் ஒரே ஒரு பிள்ளை மொத்தச் சராசரியையும் தோளில் தூக்கிக்கொண்டு போய்விடும். இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் தெரியாவிட்டால் வெளிர்பச்சை அறை எதற்கு என்று கேட்பார்கள். காரணம் புரியாமல் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா அதை டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் விளையாட்டு சாரைப் போய்ப் பார்த்தேன். நாற்காலியை விட்டு எழாமலே ஒரு மைதானத்தை நடத்தக்கூடிய மனிதர் அவர்.

“ஐயோ மேடம், நான் ஒரு வைத்தியமும் பண்ணல” என்றார். “எனக்குக் குனிஞ்சா இடுப்புப் பிடிச்சுக்கும். அந்தப் பொண்ணு ஒரு நாள் உர்ருனு வந்து நின்னுச்சு. சும்மா நிக்கிறதுக்கு இதை அடின்னு பம்பைக் கையில குடுத்தேன். அதுலேர்ந்து கோவம் வந்தா டீச்சர்கிட்ட கேட்டுட்டு நேரா இங்க வந்துடுது. அடிச்சு முடிச்சதும் ஒரு பெருமூச்சு விடும், போயிடும். எனக்கும் பந்தெல்லாம் கல்லு மாதிரி இருக்கு.”

“அது ஒரு வகையான உதவி சார். காத்திருக்கிற குழுவுக்கு எந்த உதவியும் போகக் கூடாது.”

“காத்தடிக்கிறது உதவியா? அப்ப சைக்கிள் கடைக்காரர்தான் இந்த ஊருக்கே பெரிய டாக்டர்னு சொல்லுங்க.”

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் பம்பை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். ஆண்டு முடியும் வரைதான் என்றேன். அவள் வந்து கேட்டால் பம்பு ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொல்லச் சொன்னேன். குழந்தைகளிடம் முகத்தில் அடித்தாற்போல் எதையும் சொல்வது எனக்குப் பிடிக்காது.

பம்பு என் மேசைக்கு வந்தது. ஜன்னலோரம் என்பதால் காகிதங்கள் பறக்கும். மேலே வைக்க வாகாக இருந்தது.

பட்டாசு கெட்டிக்காரி. பம்பு இல்லாவிட்டால் என்ன, கை இருக்கிறதே என்று கண்டுபிடித்துவிட்டாள். கோபம் தலைக்கேறும்போது மேசைக்கு அடியில் இரண்டு கைகளையும் மடக்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பம்பு அடிப்பதுபோல மேலும் கீழும் அசைப்பாள். கூடவே மூச்சு விடுவாள். முகத்திலிருந்து கோபம் மெல்ல இறங்கும். வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து இதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு அழகாக இருந்தது. ஆலோசகர் ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தும் அந்த அறையில் ஒரு பிள்ளைக்குக்கூட இப்படி வரவில்லை.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம் பேசினேன். அந்தக் கை அசைவு நல்ல அறிகுறி இல்லை, வளரவிட்டால் பழக்கமாகிவிடும், கைகள் எப்போதும் மேசைமேல் இருக்கட்டும் என்றேன். இளம் ஆசிரியை. என்னிடம் நன்றி சொன்னார்.

ஆண்டிறுதி மதிப்பீடு அன்று நான் அதே பின்வரிசையில் இருந்தேன். பட்டாசின் பின்னால் இருந்த பெண் குனிந்து, “என்னடி, பம்பு இல்லாம பஞ்சரா?” என்றாள். சுற்றியிருந்தவர்கள் கிளுக்கென்று சிரித்தார்கள். பட்டாசின் கைகள் மேசைக்கு அடியில் போயின. “கை மேல” என்றார் ஆசிரியை. கைகள் மேலே வந்தன. “பஞ்சர், பஞ்சர்” என்று மறுபடி கேட்டது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என்ன வேண்டும் என்று அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. வெளியே போக ஒரு சின்னத் தலையசைப்பு. நான் குனிந்துகொண்டேன். கவனிக்க வந்தவர் குறுக்கிடக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம்.

நாற்காலி பறந்தது. கேலி செய்தவள்மேல் படவில்லை. பக்கத்தில் தேமே என்று உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. நல்லவேளை, இடது கை.

விடுதிக்கு என் காரில்தான் கொண்டுபோய் விட்டோம். அக்கா வழியெல்லாம் என் கையை விடவில்லை. “நீ மட்டும் இல்லேன்னா நான் என்னடி பண்ணியிருப்பேன்?” என்றாள். திரும்பி வந்ததும் வீட்டில் கண்ணாடி டம்ளரிலேயே தேநீர் கொடுத்தாள். இப்போது உடைக்க யாருமில்லை.

பலன் என்ன என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். இரண்டு குழுவுக்கும் இடையிலிருந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. இப்போது வேறு பல பள்ளிகளிலும் வெளிர்பச்சை அறை திறக்கிறார்கள். எத்தனை பிள்ளைகள் அதில் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். கோபப்படும் குழந்தைக்குத் தண்டனை வேண்டாம், ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்று கருத்தரங்கில் பேசியபோது முன்வரிசையில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். விளையாட்டு சார் உங்களிடம் புகார் கொடுத்தது எனக்கு வருத்தமே. நாற்காலியை விட்டு எழுந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

பம்பு பலன் தருகிறது என்று தெரியாமல் எடுத்தீர்களா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். தெரியாமல் எப்படி எடுப்பேன்? பலன் தராத பொருளை யாராவது மெனக்கெட்டு எடுப்பார்களா? பலன் தந்ததால்தான் எடுத்தேன். கையசைவையும் அதனால்தான் நிறுத்தினேன். அவள் திரும்பிப் பார்த்தபோது குனிந்துகொண்டதும் அதனால்தான். இவ்வளவுதான் விஷயம். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

போன ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று நான் மட்டும்தான். முற்றத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். முன்பெல்லாம் ஓர் இடத்தில் நிற்காதவள், இப்போது இரண்டு கையையும் தொடைமேல் விரித்து வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு எப்படி என்றால், இருக்கு என்றாள். தோழிகள் உண்டா என்றால், உண்டு என்றாள். குரலே உயரவில்லை. இந்த இடம் அவளுக்கு ஒத்துக்கொண்டுவிட்டது என்று எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. அக்காவிடம் சொல்ல ஒரு நல்ல சேதி கிடைத்ததே என்று எழுந்தேன்.

வாசல் கேட் வரைக்கும் கூடவே வந்தாள். எதையோ வெகுநாளாக உள்ளே வைத்துக்கொண்டிருப்பவள்போல என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம், யாரையும் சங்கடப்படுத்திவிடக் கூடாது என்பதுபோல மெல்லக் கேட்டாள்:

“சித்தி, அந்தப் பம்பு ரிப்பேர் ஆகி வந்துடுச்சுன்னா, சார்கிட்ட சொல்லி எனக்கு வாங்கிக் குடுக்கறியா?”